மாடிப்படியில் நின்றவள்

கடவுள் துணை
ஜனவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: உன் அத்தான், என் மகள், அண்ணன், பின்வீட்டுத் தையல்காரம்மா, மாடியில் குடியிருக்கும் டீச்சர், நான். மொத்தம் ஆறு பேர். டீச்சர் முக்கால் மணி நேரத்தில் தலைவலி என்று எழுந்து போய்விட்டார். ஆகவே ஐந்தேகால் என்று வைத்துக்கொள்.

நலம் விசாரிக்காமல் கணக்குச் சொல்கிறாளே என்று சிரிக்காதே. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? சின்னவனுக்குப் பால்பல் விழுந்துவிட்டதா? உன் வீட்டுக்காரருக்கு இன்னும் இரவு ஷிப்டுதானா?

விஷயம் இதுதான். என் மகள் கல்லூரித் தோழியிடமிருந்து ஒரு இந்திப் படக் கேசட் வாங்கி வந்தாள். "குடும்பப் படம்மா, நீ பாக்கலாம்" என்றாள். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தையல்காரம்மா மட்டும் முன்பு ஒரு துணிக் கம்பெனியில் இந்திக்காரர்களோடு வேலை பார்த்தவள். அவளை நடுவில் உட்காரவைத்து, சொல்லச் சொல்லிக் கேட்டோம். கதாநாயகன் ஐந்து நிமிஷம் தூணைக் கட்டிக்கொண்டு பேசுவான். அவள் "ரொம்ப வருத்தமா இருக்கான்" என்பாள். உன் அத்தான், "ஏம்மா, அஞ்சு நிமிஷத்துக்கு அவ்வளவுதானா? மீதியை நீயே வெச்சுக்கிட்டியா?" என்று கேட்டார். "அதே வருத்தம்தான் சார், திரும்பத் திரும்ப" என்றாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாளிகை. மருமகளின் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு யாரோ தோட்டத்தில் ஒரு ஆளோடு பேசியதை மாமியார் பார்த்துவிடுகிறாள். போர்த்தியிருந்தவள் வீட்டுப் பெண், மருமகளின் நாத்தனார். பழி மருமகள் தலையில். மழையில் அவளை வெளியே தள்ளுகிறார்கள். அவ்வளவு மழையிலும் கண் மை கலையவில்லை, அதை நான் கவனித்தேன். கடைசியில் எல்லாரும் அழுது அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் பத்து நிமிஷத்தில் பதினேழு முறை யாராவது அழுதார்கள். சிரிப்புத்தான் வர வேண்டும். எனக்கும் முதலில் வந்தது.

ஆனால் எல்லாரும் மருமகளைப் பார்த்து அழுதபோது நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த நாத்தனார்க்காரி மாடிப்படியில், கீழிருந்து ஆறாவது படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. கதவு சாத்துகிறார்கள், அப்போதும் நிற்கிறாள். அவள்மேல் காமெரா இரண்டு விநாடிதான் இருந்திருக்கும். எனக்கு அது இன்னும் முடியவில்லை.

கதவு சாத்தும் இடத்தில் அண்ணன் "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார். திரும்ப வரவே இல்லை. படம் முடிந்து டீ போடப் போனேன். சமையலறை முக்காலியில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. "படம் பிடிக்கலையாண்ணே?" என்றேன். "சத்தம் ஜாஸ்தி" என்றார்.

உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.

சின்னவனை நான் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். முழங்கை பரவாயில்லை, இடதுகையால் துணி பிழியப் பழகிவிட்டேன். சின்னவனுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பழைய வீட்டு ஜன்னல் மாதிரி இருக்கிறான். இவருக்கு இந்த மாதம் பகல் ஷிப்டு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மின்விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ எதற்கு அக்கா அந்தப் படமெல்லாம் பார்க்கிறாய்? பிரார்த்தனைப் புத்தகம் படி, தூக்கம் வரும். அவர்களுக்கு அழுவதுதான் பிழைப்பு. இங்கே தெருவுக்கு இரண்டு தியேட்டர், எல்லாவற்றிலும் யாராவது யாரையாவது வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அத்தானின் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் மகளுக்குத் தேர்வு எப்போது? வேறு விசேஷமில்லை.

உன்
தங்கை

*

கடவுள் துணை
மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாக்குத்தான் கட்டுப்பாட்டில் இல்லை. மகளுக்குத் தேர்வு ஏப்ரலில்.

அண்ணனைப் பற்றி எழுதியிருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி.

கேசட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன். யாரும் இல்லாத நேரம், காலை பத்தரைக்கு, தையல்காரம்மாவை மட்டும் கூப்பிட்டு. கடைசிக் காட்சியில் வாசலுக்கு வெளியே நின்று மருமகள் நீளமாகப் பேசுகிறாள் அல்லவா, அன்றைக்கு இவள் "மன்னிச்சிட்டேன்னு சொல்றா" என்று சொல்லியிருந்தாள். எனக்கு அது ஒப்பவில்லை. நிறுத்தி நிறுத்திப் போட்டுக் கேட்டேன். "சரியா கேளும்மா, மன்னிச்சிட்டேன்னா சொல்றா?" தலையைச் சொறிந்தாள். "அக்கா, உண்மைய சொல்லிடறேன். அன்னிக்கு நான் அழுதுட்டு இருந்தேன், காதுலயே விழல. இந்த எடத்துல வேற என்ன சொல்லப் போறாங்கன்னு நானா சொன்னேன்." இப்போதாவது சொல் என்றால், அது பெரிய இந்தி, தனக்குப் பிடிபடவில்லை என்கிறாள். துணிக் கம்பெனி இந்தியில் அளவும் திட்டும் மட்டும்தான் இருக்குமாம்.

உனக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாய். படத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. ஒரு வேலையாகவே கேட்கிறேன்.

இன்னொன்று. இதை அத்தானிடம் சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போகும் வெளிப்படி தெரியுமல்லவா, பின்பக்கம் துணி காயப்போடும் இடத்திலிருந்து தெரியும். போன வாரம் பட்டப்பகலில் அதில் ஒருத்தி நிற்கிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. எண்ணிப் பார்த்தேன், ஆறாவது படி. கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்துவிட்டது. கிட்டே போனால் டீச்சரின் சிவப்புப் போர்வை, காய்வதற்காகக் கைப்பிடியில் போட்டது. துணியை மறுபடி அலசினேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் அங்கேயும் படி. நாற்பது வருஷமாகக் கண்ணை மூடினால் ஒரு வெளிச்சம் வரும் எனக்கு. இப்போது அதற்கு முன்னால் அவள் வந்து நிற்கிறாள்.

முழங்கைக்கு ஒத்தடம் கொடு.

உன்
அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உனக்குத் தூக்கம் சரியாக இருக்கிறதா? டாக்டரிடம் ஒருமுறை போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். போர்வையைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுதாதே, எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

படம் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவோடு மதியக் காட்சிக்குப் போனேன். மறு வெளியீடு, பாதி அரங்கு காலி. அந்த அம்மா இரண்டு கைக்குட்டை கொண்டுவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். நான் அழவில்லை. அவருக்குக் கோபம். "உனக்கு நெஞ்சு கல்லா?" என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, காது அடைத்துக்கொண்டது. இடைவேளையில் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு நீ வேலையாகக் கேட்டாயே என்று உட்கார்ந்தேன்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் காலில் விழப் போகும்போது பின்னால் நகர்ந்துகொண்டு, ஏறக்குறைய இப்படிச் சொல்கிறாள்: "எல்லாரும் மன்னிப்புக் கேக்கறீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட சொல்லலையே. யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லுங்க. அப்புறம் நான் உள்ள வரேன்." அப்போதுதான் நாத்தனார் படியிலிருந்து இறங்குகிறாள். அதற்குப் பிறகு ஒரே பாட்டும் வயலினும், என்ன பேசினார்கள் என்று எனக்கே கேட்கவில்லை.

மட்டமான படம். அந்த ஒரு இடத்தை எந்தப் புண்ணியவானோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாயா?

உன்
தங்கை

*

கடவுள் துணை
ஏப்ரல் 11

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு நலம். அங்கும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

உனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் நான் நோட்டைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. நான் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கும். எந்த நோட்டு என்று நீ கேட்கவும் இல்லை. 'அந்த நோட்டு' என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் சமையலில் உப்புப் போட மறந்தேன்.

இருக்கிறது. சமையலறை மேல்தட்டில், பழைய பாத்திரத்துக்குள். அப்பாவின் மருந்துக் கணக்கு. பதினெட்டு வருஷமாகிறது.

நீ கேட்டதால் சொல்லிவிடுகிறேன். படம் பார்த்ததிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் அரிக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். அதனாலேயே எழுதுவதில் பிழை வரக்கூடாது என்று ஒரு வெறி எனக்கு. பென்சிலில்தான் எழுதுவேன், தப்பு வந்தால் அழித்துச் சரிசெய்யலாம் என்று. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு மாத்திரைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வேளைக்கு ஒரு கட்டம், கொடுத்ததும் ஒரு டிக். மாலை ஆறு மணி மாத்திரையை மறந்தும் இரண்டாகக் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் அந்த நோட்டைப் பார்க்காமல் யாரும் அப்பாவுக்கு எதுவும் கொடுக்க மாட்டார்கள். "அவ எழுதினா எழுதினதுதான்" என்று அப்பாவே பெருமையாகச் சொல்வார்.

அன்றைக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். புறப்படும்போது ஆறு மணி மாத்திரையை டப்பா மூடியில் எடுத்து வைத்தேன். பென்சில் கையில் இருந்தது. ஆறுக்குள் வந்துவிடுவேன், நானே கொடுக்கப் போகிறேன் என்று டிக்கையும் போட்டுவிட்டேன். கொடுக்கும் முன்பே. கூட்டம் நீண்டுவிட்டது. நான் வரும்போது ஏழேகால். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. மூடியைப் பார்க்கவும் இல்லை. அண்ணி கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பா உயிர் பிரிந்த பிறகு கட்டிலோரத்தை ஒதுங்கவைக்கும்போதுதான் மூடியில் மாத்திரையைப் பார்த்தேன். அடுத்து நான் செய்ததை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கே நம்ப முடியவில்லை. நோட்டை எடுத்து, ரப்பரால் அந்த டிக்கை அழித்தேன். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. கொடுக்காத மாத்திரைக்கு டிக் இருந்தால் கணக்குப் பிழை. பிழையைத் திருத்தினேன். அவ்வளவுதான் மனதில் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது பேச்சு வந்தது. "மாத்திரை மூடியிலயே கெடக்குதே, யாரும் குடுக்கலையா?" அண்ணி, "டிக் போட்டிருந்துச்சே, அதான் நான் குடுக்கல" என்றார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்தான் கொண்டுவந்தேன். கட்டம் காலியாக இருந்தது.

மாத்திரை கொடுக்காததைக்கூட அண்ணன் பொறுத்திருப்பார். "பொய் வேற சொல்றியா" என்றார் பார், அதுதான். ஒரு வேளை மாத்திரையால் இப்படி ஆகாது என்று டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அதை யார் கேட்டார்கள்? அண்ணி ஒரே ஒரு பையோடு வீட்டைவிட்டு இறங்கினார். வாசலில் திரும்பி, "நோட்டை நல்லா பாருங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் பார்க்கவில்லை. நான் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் டிக்கின் பள்ளம் தெரிகிறது. விரலால் தடவினாலும் தெரிகிறது. நான் அழுத்தி எழுதுகிறவள்.

அந்தப் படத்தை மட்டம் என்கிறாய். நானும் அப்படித்தான் சொல்கிறேன். எனக்கு அதன்மேல் ஆத்திரம், மூன்று மணி நேரத்தில் எல்லாரையும் அழவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது என்று. ஆனால் என்னை அனுப்பவில்லையே. அதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா, தெரியவில்லை.

நோட்டைப் பற்றி ஏன் கேட்டாய்?

உன்
அக்கா

*

கடவுள் துணை
ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

ஏப்ரல் 11 அன்று ஒரு கடிதம் போட்டேன். நானே தபாலாபீஸ் போய்ப் பெட்டியில் போட்டது, தவறியிருக்காது. ஐம்பத்தாறு நாளாகிறது. சின்னவனுக்கு ஏதாவது உடம்பா? உனக்கா? என்னை வெறுத்துவிட்டாய் என்றால் அதையாவது எழுது.

அண்ணன் ஞாயிறுதோறும் வழக்கம்போலச் சாப்பிட வருகிறார். நான் பரிமாறுகிறேன். சமையலறை மேல்தட்டை நிமிர்ந்து பார்க்காமல் பரிமாறுகிறேன்.

உன்
அக்கா

*

ஜூன் 19

அக்கா,

நாங்கள் நலம். யாருக்கும் எதுவுமில்லை. உன் கடிதம் ஏப்ரலிலேயே கிடைத்தது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்து, எடுத்து எடுத்துப் படித்தேன். பதில் ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ இல்லாத அந்த ஆறு மணிக்கு அப்பா அறையில் நான் இருந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. அலமாரிக்குப் பக்கத்தில் நின்று நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அண்ணி டம்ளரில் தண்ணீரோடு வந்தார். மூடியிலிருந்த மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார் அக்கா. அப்பா வாய் திறக்கப் போனார். நான்தான், "அண்ணி, நிறுத்துங்க. அக்கா குடுத்துட்டா, டிக் பாருங்க" என்றேன். "அப்ப இது எதுக்கு மூடியில?" என்று கேட்டார். "நாளைக்கு எடுத்து வெச்சிருப்பா. ரெண்டு குடுத்தா ஆபத்துன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப வைத்தார். அப்பா தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கூடத்தில் நீ நோட்டைத் திறந்தபோது நான் உனக்குப் பின்னால் நின்றேன். கட்டம் காலி. நீ அழித்துவிட்டாய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அண்ணி என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று பார்த்தார். நான் சொன்னால் நீ மாட்டுவாய். அம்மா இல்லாத என்னைத் தலைவாரி வளர்த்தது நீ. அதுதான் காரணம் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. "நீ ஏண்டி தடுத்தே?" என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம் மீதிப் பாதி. நகச்சாயம்கூட இன்னும் விரலில் இருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உன் கண்ணுக்கு வருகிற படிக்காரி யார் என்று இப்போது தெரிகிறதா? அது நான். அவள் உனக்காக நிற்கவில்லை என்று நினைக்கிறேன். நீயும் கீழே, கூட்டத்தில்தான் இருந்தாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் முன்பு சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து இங்கே நம் ஊர்க்காரர்கள் நடத்தும் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டைக் கொடுக்க வந்தவர் அண்ணி. அங்கேதான் வேலை பார்க்கிறார். தலை நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டார், அதில் சந்தேகமில்லை. வாடியம்மா என்று கூப்பிடுவாரே, அதெல்லாம் இல்லை. எல்லாத் தாய்மார்களிடமும் பேசுகிற மாதிரி, "வேளாவேளைக்குக் குடுங்க. குடுத்த பிறகு எழுதுங்க. முன்னாடியே எழுதிடாதீங்க" என்றார். என் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி விலாசம் தனித்தாளில் இருக்கிறது. நீ எழுதுவாய் என்று தெரியும். எழுது. ஆனால் என் பெயரைச் சேர்க்காதே அக்கா. இவருக்கு இதெல்லாம் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
தங்கை

*

கடவுள் துணை
ஆகஸ்ட் 3

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானும் மகளும் நலம். அவள் தேறிவிட்டாள், இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்குப் புதுப் பல் முளைத்ததா?

உன் கடிதத்தைப் படித்து நான் கோபப்படவில்லை. முதலில் ஒரு நிம்மதிகூட வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சுமையில் பாதியை வேறொருத்தியும் தூக்கியிருக்கிறாள் என்று. சாயங்காலத்துக்குள் அந்த நிம்மதி போய்விட்டது. பாதியாகவில்லை, இரண்டாகியிருக்கிறது.

அண்ணனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஜூன் கடைசி ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். என் பங்கை மட்டும்தான் சொன்னேன். அவர் ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விரலால் தடவினார். "இத்தனை நாளா நான் சோறு தின்ன எடத்துக்கு மேலயா இருந்துச்சு இது?" என்றார். "நல்லா பாருங்கன்னு அவ சொன்னா. ஜன்னல் அஞ்சடி தூரத்துல இருந்துச்சு. நான் பாக்கல" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று ஞாயிறு வரவில்லை. அவர் தட்டை வைத்துவிட்டு எடுத்தேன். நான்காவது ஞாயிறு வந்தார். முகச்சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு. "விலாசம் இருக்கா?" என்று கேட்டார். போய் நின்றுவிடலாமா என்றார். "கேக்காம போய் நிக்கறதுக்கு நமக்கு என்ன உரிமைண்ணே?" என்றேன். தலையாட்டினார்.

அண்ணிக்கு எழுதியிருக்கிறேன். பேனாவில் எழுதினேன். பழக்கமில்லாததால் நான்கு தாள் வீணானது. அன்றைக்கு யார் யார் அந்த அறையில் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். மூன்று வரி. நான்காவது எண்ணைப் போட்டு, எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.

உன் பெயரை நான் எழுத மாட்டேன், நீ கேட்டுக்கொண்டபடி. எண்ணை அழிக்கவும் மாட்டேன். அழிப்பது எனக்குப் போதும். கடிதத்தை ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டின் அந்தப் பக்கத்தையும் கிழித்து வைத்திருக்கிறேன். நீயே ஒட்டி அங்கிருந்து தபாலில் போடு. அந்த வரி காலியாகவே போனாலும் நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். அண்ணிக்கு அது யார் இடம் என்று தெரியும்.

கண்ணை மூடினால் படி இன்னும் வருகிறது. ஆனால் நேற்றுப் பார்த்தபோது ஐந்தாவது படியில் நிற்கிற மாதிரி இருந்தது. என் கற்பனையாக இருக்கலாம்.

உன்
அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்கா,

நலம். இன்று காலை பதினொன்றரைக்குத் தபாலில் போட்டுவிட்டேன். நேற்று இவர் மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இறங்கி வந்து, "இதுக்கா தினமும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தே?" என்றார். மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

உன்
தங்கை

*

கடவுள் துணை
ஆகஸ்ட் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

அப்பா தவறியதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு, அவர் அறையில் இருந்தவர்கள்:

1. அப்பா. கட்டிலில்.

2. நீங்கள். தண்ணீர் டம்ளரோடு.

3. நான் போட்ட டிக். நான் இல்லை. நான் ஐந்து மணிக்கே அதைப் போட்டுவிட்டுப் பிரார்த்தனைக்குப் போயிருந்தேன்.

4. நான், உங்கள் சின்ன நாத்தனார். அலமாரிக்குப் பக்கத்தில். அந்த டிக்கைக் காட்டி உங்கள் கையை நிறுத்தியது நான். மறுநாள் கூடத்தில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பேசவில்லை.

(நான்காவது வரி மட்டும் நீல மையில், வேறு கையெழுத்தில்.)

மறுநாள் காலை அந்த டிக்கை ரப்பரால் அழித்தது நான். நீங்கள் பொய் சொல்லவில்லை. பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். அண்ணனும் பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரர், என் மகள் என்று நம் வீட்டில் இப்போது இருக்கிற எல்லாரிடமும் நானே என் வாயால் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கூடத்தில் இருந்த உறவுக்காரர்களில் உயிரோடு இருக்கும் ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும். நடந்தது இது என்று சொல்வதற்கு மட்டும் எழுதுகிறேன். பதினெட்டு வருஷம் தாமதம்.

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? முன்பு மாதிரி மழைக்காலத்தில் இருமல் வருகிறதா? ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வேலையா, உட்கார இடம் உண்டா? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமல் கடிதத்தை முடிக்கவும் தெரியவில்லை.

அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருக்கிறார். உங்களை ஒருமுறை நேரில் பார்த்து, அன்று சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். உங்கள் வாசலுக்கு அவர் வரலாமா, வேண்டாமா? நீங்கள் எதைச் சொன்னாலும் அதன்படி நடப்போம். ஒரு வரி போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
பெரிய நாத்தனார்